எழுந்து நிற்காதவர்களின் சாட்சி

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிரசங்கம் மறந்துபோகும், சாட்சி மறக்காது. வருடக் கடைசி இரவு ஆராதனையிலும், உபவாசக் கூட்டங்களிலும், வீட்டு ஜெபங்களிலும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, கடந்துவந்த பாடுகளைச் சொல்லி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்திவிட்டு உட்காருவார்கள். அந்தச் சாட்சிகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. வியாதி வந்தது, அல்லது கடன் வந்தது, சொந்தக்காரர்கள் விலகினார்கள், டாக்டர் கையை விரித்தார், முழங்காலில் நின்றோம், வழி திறந்தது, முன்னைவிட விசுவாசத்தில் உறுதிப்பட்டோம். இந்த வரிசையைக் கேட்டுக் கேட்டு, பாடு வந்தால் விசுவாசம் வளரும் என்பது நிரூபணம் தேவைப்படாத உண்மையாக எங்கள் மனங்களில் படிந்துவிட்டது. வயது ஏறிய பிறகு அந்த நினைவுகளை மறுபடி எண்ணிப் பார்க்கும்போது ஒரு கேள்வி உறுத்துகிறது. எழுந்து நிற்காதவர்கள் என்ன ஆனார்கள்?

எங்கள் பக்கத்து ஒவ்வொரு சபையிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பிள்ளையை அடக்கம் பண்ணிய பிறகு கோவில் வாசலை மிதிக்காத தகப்பன்மார், கடன்காரர் முகத்தில் விழிக்க முடியாமல் ஊரைவிட்டே போன குடும்பங்கள், ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கும் வாய் திறக்காத விதவைகள். சேகரப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கும். சாட்சி நேரத்தில் அவர்கள் குரல் இருக்காது. தப்பியவர்கள் மட்டுமே பேசுகிற இடத்தில் பாடுகளைப் பற்றிய தீர்ப்பு ஒருதலையாகத்தான் அமையும். வேதத்துக்கும் இது தெரியாத விஷயமில்லை. விதைக்கிறவன் உவமையில் கற்பாறை நிலத்தில் விழுந்த விதை சீக்கிரம் முளைக்கிறது. வெயில் ஏறியதும், வேர் இல்லாததால், கருகிப்போகிறது. அந்த வெயிலுக்கு உபத்திரவம் என்று இயேசுவே பொருள் சொல்கிறார். பாடு சிலரை வளர்க்கும், சிலரைக் கருக்கும் என்பதைச் சுவிசேஷமே ஒப்புக்கொண்டிருக்க, நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். என் கட்சி இதுதான்: பாடு தானாக யாருடைய விசுவாசத்தையும் வளர்ப்பதில்லை. பாடுபடுகிறவர் கூடவே இருக்கும் மனிதரும், துக்கத்தை மறைக்காமல் கொட்ட இடம் தரும் ஜெபமும், பசிக்குச் சோறும் தலைக்குமேல் ஒரு கூரையும் தருகிற ஏற்பாடும் இருந்த இடங்களில்தான் விசுவாசம் வளர்ந்திருக்கிறது. இவை இல்லாத இடங்களில் பாடு மனிதரை உடைத்திருக்கிறது, கசப்பாக்கியிருக்கிறது, சில வேளை கொடியவராகவும் ஆக்கியிருக்கிறது.

பவுலை வைத்து இதை மறுப்பவர்கள் உண்டு. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை அனுபவத்தையும், அனுபவம் நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அவர் ஒரு சங்கிலியைக் கோர்த்திருப்பது உண்மை. ஆனால் அந்த நிருபத்தை அதன் கடைசி அதிகாரம்வரை வாசிக்க வேண்டும். அங்கே பெபேயாளை ஏற்றுக்கொள்ளச் சொல்லித் தொடங்கி, பெயர் பெயராக ஒரு பெரிய கூட்டத்துக்கு அவர் வாழ்த்துச் சொல்கிறார். தனக்கு ஆதரவாக இருந்தவள், தனக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள், தனக்கும் தாயாக இருந்தவள் என்று ஒவ்வொருவரும் செய்ததைக் குறித்து வைக்கிறார். அவர் சிறையில் இருந்தபோது பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பினார்கள். அதற்கு நன்றி சொல்லி எழுதியதுதான் பிலிப்பியர் நிருபம். கொரிந்தியருக்கு எழுதும்போதோ, ஆசியாவில் நேர்ந்த உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக ஒளிக்காமல் சொல்கிறார். ஆக, அந்தச் சங்கிலியைச் சொன்னவர் தனி வீரர் அல்லர். அவரைச் சுற்றி ஒரு சபை இருந்தது, செலவுக்குப் பணம் இருந்தது, கைப்பட எழுதிக்கொடுக்க ஒரு தெர்தியு இருந்தார். அந்தச் சூழலிலிருந்து வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்து, யாருமில்லாமல் கிடக்கும் ஒருவரிடம் நீட்டும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

தமிழ் மண்ணில் இதற்குப் பழைய சான்று தேவசகாயத்தின் வாழ்க்கை. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தார். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் ஒடிந்திருந்த காலத்தில் அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தவர் 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு அதே அரசின் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி டிலெனாய். அவர் நீலகண்டனுக்குச் சொன்னது யோபுவின் கதை என்பது குமரி மாவட்டக் கத்தோலிக்கர் தலைமுறைகளாகச் சொல்லிவரும் செய்தி. அந்தத் தேர்வைக் கவனிக்க வேண்டும். யோபு புத்தகம் துன்பத்துக்குக் காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்ல வருகிற நண்பர்கள் மூன்று பேரும் கடைசியில் கடவுளிடம் கடிந்துகொள்ளப்படுகிறார்கள். முறையிட்டு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினவன் என்று தீர்ப்பாகிறது. அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வாய் திறக்கும் முன் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. விளக்கம் தோற்று, கூட இருத்தல் மட்டும் நிற்கும் ஒரு கதையைத்தான் டிலெனாய் தேர்ந்தெடுத்தார். நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். பிற்பாடு சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளின் உறுதியை எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன்னால், ஒடிந்துகிடந்த ஒருவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பேசிய நாள்களை யாரும் பேசுவதில்லை.

ஒரு தனி மனிதரை வைத்துப் பொதுவிதி கட்டக் கூடாது என்றால், ஒரு சபை முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க ஆண்டுகள் உபத்திரவத்தின் ஆண்டுகள். 1790களின் கடைசியில் சாத்தான்குளம் வட்டாரத்தில் கிறிஸ்தவர்களான பனையேறிக் குடும்பங்கள் அடிபட்டன, ஜெபக்கூடங்கள் அழிக்கப்பட்டன. அவர்களில் ஒருவரான தாவீது சுந்தரானந்தம் 1799இல் கொஞ்சம் நிலம் வாங்கி, 28 பேரைக் குடியமர்த்தி, அந்த இடத்துக்கு முதலூர் என்று பெயர் வைத்தார். உபத்திரவத்துக்கு அந்தச் சபை கொடுத்த முதல் பதில் ஒரு போதனை அல்ல, ஓர் ஊர். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். அதன்பின் போதகர்கள் இல்லாமல் போனார்கள். பஞ்சமும் விஷக்காய்ச்சலும் வந்தன. பத்தாண்டுக்கு மேல் இந்தச் சபைகளைக் கேட்பாரில்லை. 1816இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், எஞ்சியவர்களைத் தேடிக் கண்டபோது ஏறத்தாழ 3,000 பேர் இருந்தார்கள். விட்டுப்போனவர்களும் ஏராளம். கிறிஸ்தவர்கள் சேர்ந்து குடியிருந்த முதலூரும் நாசரேத்தும் உறுதியாக நின்றன. எங்கெங்கோ சிதறிக் கிடந்த குடும்பங்கள் பல கரைந்துபோயின. இரண்டு சாராரும் பட்ட பாடு ஒன்றுதான். ஆராதிக்க ஒரு கூரை, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தர ஓர் உபதேசியார், பக்கத்து வீட்டிலும் ஒரு விசுவாசி என்பவை ஒரு சாராருக்கு இருந்தன, மற்றவர்களுக்கு இல்லை. உபத்திரவம் நல்ல கனியை மட்டும் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாவீதின் ஆட்களில் சிலர் தடிக்கம்பு எடுத்துத் திருப்பி அடிக்கப் போனதையும் அந்தக் காலத்து வரலாறு மறைக்கவில்லை.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருந்தார் என்றே எண்ணுகிறேன். 1830இல் அவர் காலத்தில் எழுந்த தர்ம சங்கம் என்ற அமைப்பின் வேலை நிலம் வாங்குவது. கிறிஸ்தவர்களானதால் குடியிருப்பை இழந்தவர்களுக்கு மனை கொடுப்பதும், வழிபட இடம் கட்டுவதும், துரத்தப்பட முடியாத ஒரு தரையை உண்டாக்குவதும் அதன் நோக்கம். தெற்கே போகும் சாலைகளில் இன்றைக்கும் நாம் கடந்துபோகும் வேதப் பெயர்கள் கொண்ட ஊர்கள் பல அப்படிப் பிறந்தவை. அங்கே வேர்விட்ட பழக்கங்களும் இதே வகைதான். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுப்பார்கள். தாங்களே அரைவயிறாக இருந்தவர்கள் கொடுத்த அரிசி அது. துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் அண்டை வீட்டார் சோறு கொண்டுவருவதும், அடக்கத்துக்குப் பிறகும் சாயங்காலங்களில் பாய் விரித்து ஜெபம் நடத்துவதும் அங்கே இயல்பு. வருடத்துக்கு ஒருமுறை அசனம் வைத்து, கோவில் வளாகத்தில் ஊரே பந்தியில் உட்காரும். 1903இல் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பும் அளவுக்கு இந்தச் சபை வளர்ந்ததென்றால், அந்த வளர்ச்சி அடியிலிருந்தும் வசையிலிருந்தும் நேராக முளைத்ததன்று. அடிபட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கக் கற்றுக்கொண்டதில் முளைத்தது.

இரத்தசாட்சிகளின் இரத்தமே சபைக்கு வித்து என்ற பொருளில் இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் தெர்த்துல்லியன் எழுதியதை இந்த இடத்தில் யாராவது நினைவூட்டுவார்கள். அவர் வாழ்ந்து எழுதிய வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகரத்தின் கதையையே பார்ப்போம். ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் 303இல் தொடங்கிய உபத்திரவத்தில் சிலர் வேதப்புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். சிலர் மறுத்து நின்றார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் உறுதியாக நின்றவர்களின் கட்சி, வழுவியவர்களின் குருத்துவமே செல்லாது என்று பிரிந்தது. தொனாத்தியர் பிளவு என்று பெயர் பெற்ற அந்தச் சண்டை தலைமுறை தலைமுறையாக வட ஆப்பிரிக்கச் சபையை அரித்தது. பிற்பாடு அந்தச் சபையே அங்கிருந்து மறைந்துபோனது. இதற்கு நேர் எதிரான காட்சி ஜப்பானில். 1614இல் நாடு முழுதும் தடை வந்து, குருக்கள் கொல்லப்பட்டு, கிறிஸ்து, மரியாள் உருவங்களை மிதிக்கச் சொல்லிச் சோதிக்கப்பட்ட காலத்தில் கிறிஸ்தவர்கள் ஏராளமாக விலகினார்கள். ஆனாலும் நாகசாகிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு கூட்டம் குருக்களே இல்லாமல் ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தது. 1865இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில் அவர்கள் தங்களை வெளிப்படுத்திக்கொண்டபோது உலகமே வியந்தது. அந்த ஊர்களில் ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர், செய்தியை வீடு வீடாகச் சொல்ல ஒருவர் என்று பொறுப்புகள் பகிரப்பட்டிருந்தன. இரத்தம் இரண்டு தேசத்திலும் சிந்தியது. முளைத்த இடத்தில் மண்ணை யாரோ ஏற்கெனவே பண்படுத்தி வைத்திருந்தார்கள்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். சோறும் நிலமும் கொடுத்து வளர்த்ததை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தில் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். பிஷப் கால்டுவெல் பார்வையில் நடந்த நிவாரண வேலையும் அதோடு சேர்ந்தே நடந்தது. வயிற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏளனம் அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. இதை நான் முழுதாக மறுக்கப் போவதில்லை. பசித்தவன் சோறு கிடைக்கும் திசையில் நடப்பான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள், சோற்றுக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்பவர்கள். அப்படிக் கேட்ட இடங்கள் இருந்தால் அதைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஏளனத்துக்குள் ஒரு தவறான அனுமானம் ஒளிந்திருக்கிறது. உண்மையான விசுவாசம் உடம்பின் தேவைகளைத் தொடாமல் எங்கோ உயரத்தில் பிறக்க வேண்டும் என்பதே அது. சுவிசேஷங்களில் அப்படி ஒரு விசுவாசத்தைத் தேடினால் கிடைக்காது. குஷ்டரோகி குணமாக வந்தான், தகப்பன் மகளுக்காக வந்தான், கூட்டம் அப்பத்துக்காகவும் வந்தது. அப்பத்துக்காக வந்தவர்களை இயேசு கடிந்துகொண்டதும் உண்டு. ஆனால் அப்பத்தைக் கொடுத்த பிறகே கடிந்துகொண்டார். பஞ்சத்தில் வந்த குடும்பங்களில் மழைக்குப் பிறகு விலகியவர்களும் இருக்கலாம். நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வேறு ஊர்களுக்குப் போனார்கள். ஒருவர் எதற்காக வந்தார் என்பதை வைத்து அவர் எதற்காகத் தங்கினார் என்று தீர்மானிக்க முடியாது.

இன்னொரு மறுப்பு மனசாட்சியைக் குத்தும். பாடுகளால் விசுவாசம் வளரும் என்ற போதனை, பாடுகளைச் சுமத்துகிறவர்களுக்குத்தான் வசதியாக இருந்திருக்கிறது. இதை மறுக்க என்னால் முடியாது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, கால்சட்டைபோல இரண்டு கூடங்களாக ஆலயம் கட்டினார்கள். 1910இல்தான் நடுவிலிருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஒரே சாதியார் நிறைந்த ஊர்களில் அசனப் பந்தியும் சாதியைத் தாண்டவில்லை. 1950இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை கிறிஸ்தவரான தலித்துகளை வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்த பிறகும் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. இந்த இரட்டைச் சுமையைத் தூக்குகிறவரிடம் போய், இது உங்கள் விசுவாசத்தைப் புடமிடுகிறது என்று சொல்வது தேவதூஷணத்துக்கு ஒப்பானது. தீர்க்கக்கூடிய துன்பம், தீர்க்க முடியாத துன்பம் என்று இரண்டு உண்டு. தீராத வியாதியில் பொறுமையைப் பேசலாம். மனிதர் கட்டிய சுவரின்முன் பேச வேண்டியது சுவரை இடிப்பதைப் பற்றி. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, பறட்டை என்ற பெயரில் கிராமிய மெட்டுகளில் பாட்டுக் கட்டி, ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதை இறையியலாக்கினார். பாடுபடுகிறவரின் கோபத்துக்கும் ஆராதனையில் இடம் உண்டு என்பதை அவர் பாட்டாகவே காட்டினார். என் வாதம் இந்த மறுப்போடு சேர்ந்தே நிற்கிறது: வளர்க்கிற சக்தி பாடுகளில் இல்லை என்றால், யார்மேலும் பாடுகளைச் சுமத்தவும் நீட்டிக்கவும் எந்த ஆன்மிக நியாயமும் மிஞ்சுவதில்லை.

கூட இருக்கும் மனிதரையும் ஏற்பாட்டையும் சொல்லிவிட்டேன். துக்கத்தைக் கொட்டும் ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு துளி ஆறுதல்கூட ஒட்டவைக்கப்படவில்லை. கெத்செமனேயில் இயேசு பாத்திரம் நீங்கும்படி கேட்டார். சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முறையீட்டையே உரக்கச் சொன்னார். ஆனால் எங்கள் ஆராதனைகளில் இவை எங்கே? பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளைத் தியானிக்கையில் நாலாம் வார்த்தைக்கு வந்ததும் பிரசங்கியார் அவசர அவசரமாக உயிர்த்தெழுதலை நோக்கி ஓடுவதையே நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். துக்க வீட்டில் அழுகிற தாயிடம், அழாதே, பிள்ளை கர்த்தரிடத்தில் இருக்கிறது என்பார்கள். சொல்கிறவர்களின் அன்பில் குறை இல்லை. ஆனால் அழக்கூட அனுமதி இல்லாத இடத்தில் துக்கம் உள்ளே போய்ப் பழியாக மாறுகிறது. 2001இல் அமெரிக்காவில் கென்னத் பார்கமென்ட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவமனையில் இருந்த முதிய நோயாளிகள் 596 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, கடவுள் தன்னைக் கைவிட்டாரோ, தன்மேல் அன்பில்லையோ, இது பிசாசின் வேலையோ என்ற எண்ணங்களில் உழன்றவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. இதிலிருந்து காரணகாரியம் நிறுவிவிட முடியாது. ஆனாலும் அந்த எண்ணங்கள் விசுவாசிகளிடையே இருக்கின்றன, அவை சிறு விஷயமும் அல்ல என்பது தெரிகிறது. சங்கீதக்காரன் அதே எண்ணங்களைச் சபை நடுவே, கடவுளிடமே சொன்னான். நாம் அவற்றைத் தலையணையிடம் சொல்ல வைத்திருக்கிறோம்.

கடந்த சில பத்தாண்டுகளில் இது இன்னும் மோசமாகியிருக்கிறது. ஆசீர்வாதத்தையும் செழிப்பையும் வாக்குப்பண்ணும் மேடைகளும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பெருகியபின், குணமாகாத வியாதிக்குப் பொறுப்பு வியாதிக்காரர் தலையில் விழுந்தது. விசுவாசம் போதவில்லை, வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, காணிக்கையில் குறை வைத்தீர்கள். பழைய சாட்சி வார்ப்பில் பாடு விசுவாசத்தின் பள்ளிக்கூடமாக இருந்தது. புதிய வார்ப்பில் அது விசுவாசக் குறைவின் அத்தாட்சி ஆகிவிட்டது. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: பாடுகளோடு என்ன செய்வது என்ற வேலையை முழுக்கப் பாடுபடுகிறவரிடமே விட்டுவிட்டு, சபையை விடுவித்துவிடுகின்றன. பவுல் தன் சரீரத்து முள் நீங்கும்படி மூன்றுதரம் கேட்டும் அது நீங்கவில்லை என்பதை இந்த மேடைகள் எப்படி விளக்குமோ தெரியாது.

நெடுங்காலப் படுக்கையில் எழுதியவர்களில் டோனாவூர் ஏமி கார்மைக்கேலை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்துக் கோவில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த பெண் குழந்தைகளுக்கு வீடு அமைத்த அவர் 1931இல் ஒரு குழியில் விழுந்து காயப்பட்டு, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். நோயாளிகளுக்கென்று 1933இல் அவர் வெளியிட்ட நூலின் அடிப்படையே, நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதுவது எட்டாமல் போகிறது, ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்கு எழுத வேண்டும் என்பது. பக்தியில் தேர்ந்த அவருக்கே ஆரோக்கியவான்களின் ஆறுதல் போதவில்லை. வேறொன்றையும் மறக்கக் கூடாது. அந்த அறைக்கு வெளியே அவரைத் தாங்கிய ஒரு குடும்பம் இருந்தது: அவர் வளர்த்த பிள்ளைகள், செவிலியர், சொந்த மருத்துவமனை. அவர் எழுதியவற்றைக் கொண்டாடும் நாம், கூலிவேலை செய்து முதுகுத்தண்டு போய்க் கூரை வீட்டில் கிடக்கும் ஒருவருக்கு அதே புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், புத்தகம் பிறந்த சூழலைப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

எல்லாவற்றையும் மனிதரே செய்கிறார்கள் என்றால் கடவுள் எங்கே என்று ஒரு நல்ல விசுவாசி கேட்பார். கிருபையைச் சமூக சேவையாகச் சுருக்கிவிட்டேன் என்பது அவருடைய வருத்தம். என் பதில், கிறிஸ்தவ விசுவாசத்தில் இவை இரண்டு வழிகளல்ல என்பதே. வார்த்தை மாம்சமானது என்று அறிக்கையிடுகிறவர்கள், ஆறுதல் மட்டும் மாம்சமில்லாமல் வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நியாயத்தீர்ப்பைப் பற்றிய மத்தேயுவின் பகுதியில், பசித்தவனுக்குச் சோறு, வியாதியஸ்தனுக்கு விசாரிப்பு, சிறையில் இருப்பவனுக்குச் சந்திப்பு என்று கணக்குக் கேட்கப்படுகிறது. பசித்தவனிடமும் வியாதியஸ்தனிடமும், நீ உன் பாடுகளில் எவ்வளவு வளர்ந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தனியறையில் ஒருவரும் அறியாமல் கடவுளால் தேற்றப்பட்டவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களைச் சிறைகளும் மருத்துவமனைகளும் அறியும். ஆனால் அவர்களுக்கும் ஜெபிக்கச் சொற்களைக் கற்றுக்கொடுத்தது எங்கோ ஒரு ஞாயிறு பள்ளி, ஒரு பாட்டி, ஒரு உபதேசியார். கிருபை வேறு பாதையில் வரவே வராது என்பதல்ல என் வாதம். வருகிற பாதையை அடைத்துவிட்டு, கிருபை வரும் என்று பிறருக்கு வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை என்பதே.

அப்படியானால் வளர்ச்சி என்றால் என்ன? சிறுவயதில் அது அசையாத உறுதி என்று நினைத்திருந்தேன். பாடுகளுக்குப் பின் உண்மையாகவே வளர்ந்தவர்கள் என்று என் நினைவில் நிற்கும் பெரியவர்கள் யாரும் அதிக உறுதியோடு பேசியவர்கள் அல்லர். விளக்கங்கள் அவர்களிடம் குறைந்திருந்தன; பொறுமை கூடியிருந்தது. துக்க வீட்டில் வசனம் சொல்ல முந்தாதவர்கள், ஆஸ்பத்திரியில் இரவு தங்க முதலில் சம்மதிப்பவர்கள், கடன் வாங்கியவரைத் தூற்றாதவர்கள். பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதும் இந்த அளவுகோல்தான்: தனக்குக் கிடைத்த ஆறுதலை இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிறதா என்பது. சபைகள் இதைப் பழக முடியும். ஜெபம் கேட்கப்படாதவர்களும் சாட்சி நேரத்தில் எழுந்து, முடிவில் ஸ்தோத்திரம் சேர்க்காமலேயே பேசி உட்காரலாம் என்று ஆக்கலாம். முறையீட்டுச் சங்கீதங்களை ஆராதனை முறைமையில் திரும்பக் கொண்டுவரலாம். சேகரத்தின் வரவுசெலவில் கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குவதோடு நெடுநாள் நோயாளிகளின் வீடுகளுக்கு எவ்வளவு போகிறது என்று ஆண்டுக்கூட்டத்தில் கேட்கலாம். வராமல் போனவர்களின் பட்டியலை எடுத்து, குற்றம் சொல்லப் போகாமல் கேட்டுக்கொள்ளப் போகலாம். இவற்றைச் செய்யும் சபைக்கு, பாடுகளிலும் விசுவாசம் வளரும் என்று சொல்ல வாய் இருக்கிறது. செய்யாத சபை, படுக்கையில் இருப்பவரிடம் அதைச் சொல்லும் முன், கொஞ்ச காலம் அவர் வீட்டுத் திண்ணையில் பேசாமல் உட்காரப் பழகட்டும்.